நேர்மையான நடுவரும் சுழிப்பிழையும்

பள்ளியிலோ கல்லூரியிலோ இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் நீங்கள் திருகு அளவியைக் கையாண்டிருப்பீர்கள். மெல்லிய கம்பி ஒன்றின் விட்டத்தை அளக்குமுன் ஆசிரியர் முதலில் என்ன செய்யச் சொல்வார்? கம்பியை வைக்காமலே திருகைத் திருப்பி, கருவியின் இரு முகங்களையும் தொடவைத்து, தலைக்கோலின் சுழி புரிக்கோலின் அடிக்கோட்டுடன் பொருந்துகிறதா என்று பார்க்கச் சொல்வார். பொருந்தாவிட்டால் அந்தக் கருவியில் சுழிப்பிழை இருக்கிறது என்று பொருள்.

சுழிப்பிழைக்கு ஒரு குணம் உண்டு. அளப்பவர் எவ்வளவு கவனமாக இருந்தாலும் அது போகாது. பத்து முறை அளந்து சராசரி எடுத்தாலும் போகாது. பத்து முறையும் அது ஒரே பக்கமாகவே சாயும். பிழை இருக்கிறது என்று ஒப்புக்கொண்டு, அது எவ்வளவு என்று கண்டு, அதற்குரிய திருத்தத்தைக் கூட்டியோ கழித்தோ எழுதினால்தான் சரியான விடை கிடைக்கும்.

விஞ்ஞான உலகில் கம்பிகளை மட்டும் அளப்பதில்லை, மனிதர்களையும் அளக்கவேண்டியிருக்கிறது. இந்த ஆய்வுக்கூட வேலைக்கு யார் தகுதியானவர்? இந்த உதவித்தொகையை யாருக்குத் தரலாம்? யாரைப் பேராசிரியராக உயர்த்தலாம்? இவற்றையெல்லாம் முடிவு செய்யும் கருவி மனித மனம். அந்தக் கருவியில் சுழிப்பிழை உண்டா? உண்டென்றால், ஆண்களை அளக்கும்போதும் பெண்களை அளக்கும்போதும் அது ஒரே அளவாக இருக்கிறதா? இந்தக் கேள்விக்கு விஞ்ஞானிகள் தம்மையே சோதனைக்கு உட்படுத்தி விடை தேடியிருக்கிறார்கள். அந்த வரலாற்றை இங்கே பார்ப்போம்.

பூட்டிய கதவுகள்

முற்காலத்தில் பெண்களுக்கு எதிரான தடைகள் வெளிப்படையாகவே இருந்தன. நம் நாட்டிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1933-ஆம் ஆண்டு பம்பாயில் பட்டம் பெற்ற கமலா என்ற மாணவி, பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் ஆராய்ச்சி செய்ய விண்ணப்பித்தார். அப்போது அதன் இயக்குநராக இருந்தவர் சர் சி. வி. இராமன். பெண் என்ற காரணத்தால் முதலில் அவருக்கு இடம் மறுக்கப்பட்டது. கமலா விடவில்லை, நேரில் சென்று வாதாடினார். பிறகு, ஆண் மாணவர்களுக்கு இல்லாத நிபந்தனைகளுடன், தகுதிகாண் முறையில் சேர்த்துக்கொள்ளப்பட்டார். அவருடைய உழைப்பைக் கண்டபின் அந்தக் கழகம் மற்றப் பெண்களையும் சேர்க்கத் தொடங்கியது. கமலா சோஹோனி 1939-இல் கேம்பிரிட்ஜில் உயிர்வேதியியலில் டாக்டர் பட்டம் பெற்றார்.

இத்தகைய பூட்டுகள் இன்று பெரும்பாலும் திறக்கப்பட்டுவிட்டன. 'பெண்களுக்கு இடமில்லை' என்று எந்தப் பல்கலைக்கழகமும் விளம்பரம் செய்வதில்லை. பேராசிரியர்களைக் கேட்டால், 'நாங்கள் தகுதியை மட்டுமே பார்க்கிறோம்' என்பார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. மனமார நம்பித்தான் சொல்கிறார்கள். அப்படியானால் சிக்கல் தீர்ந்துவிட்டதா?

ஒரே விண்ணப்பம், இரண்டு பெயர்

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012-ஆம் ஆண்டு வெளியிட்ட ஒரு சோதனை இதற்கு விடை தந்தது. அதன் அமைப்பு மிக எளிது. ஆய்வுக்கூட மேலாளர் பணிக்கு விண்ணப்பிக்கும் ஒரு மாணவரின் தகுதிக் குறிப்பை அவர்கள் கற்பனையாகத் தயாரித்தனர். மாணவர் பரவாயில்லை ரகம். மேதையும் அல்ல, மோசமும் அல்ல. பாதிப் பிரதிகளில் பெயர் ஜான். மீதிப் பிரதிகளில் ஜெனிஃபர். மற்றபடி ஓர் எழுத்தும் மாறவில்லை.

உயிரியல், வேதியியல், இயற்பியல் துறைகளைச் சேர்ந்த 127 பேராசிரியர்கள் இந்தக் குறிப்பைப் படித்து மதிப்பிட்டனர். ஒவ்வொருவருக்கும் ஒரு பிரதிதான். எந்தப் பெயர் யாருக்கு என்பது குலுக்கல் முறையில் முடிவானது. ஆகவே ஒருவருக்கும் ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பு இல்லை.

முடிவு என்ன? ஜான் கூடுதல் திறமைசாலி என்றும், வேலைக்குக் கூடுதல் தகுதி உள்ளவர் என்றும் மதிப்பிடப்பட்டார். அவருக்கு வழிகாட்டப் பேராசிரியர்கள் கூடுதல் ஆர்வம் காட்டினர். ஜானுக்கு அவர்கள் குறித்த ஆண்டுச் சம்பளம் சராசரியாக 30,238 டாலர். ஜெனிஃபருக்கு 26,508 டாலர். ஒரு பெயரின் விலை ஏறத்தாழ 3,700 டாலர்!

இதில் நாம் ஊன்றிக் கவனிக்கவேண்டிய செய்திகள் இரண்டு. முதலாவது, பெண் பேராசிரியர்களும் ஆண் பேராசிரியர்களைப் போலவே ஜெனிஃபரைக் குறைத்து மதிப்பிட்டனர். இரண்டாவது, ஜெனிஃபர் மீது எவருக்கும் வெறுப்பில்லை. 'இவரை உங்களுக்குப் பிடித்திருக்கிறதா?' என்ற கேள்விக்கு ஜானைவிட ஜெனிஃபருக்கே அதிக மதிப்பெண் கிடைத்தது! நல்ல பெண்தான், பிடித்திருக்கிறது, ஆனால் திறமை சற்றுக் குறைவு. இதுவே அவர்கள் மனம் சொன்ன தீர்ப்பு. இப்படித் தனக்கே தெரியாமல் தீர்ப்பைச் சாய்க்கும் மனப்போக்கை 'அறியாச் சார்பு' என்று அழைக்கலாம்.

ஒரே மனிதர், இரண்டு பெயர்

சோதனைக்கூடத்தில் செய்ததை வாழ்க்கையே செய்து காட்டிய நிகழ்ச்சியும் உண்டு. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் நரம்பியல் பேராசிரியராக இருந்த பென் பாரஸ் ஒரு திருநம்பி. பெண்ணாகவே வளர்ந்து, கல்வி கற்று, விஞ்ஞானியாகப் பெயரெடுத்து, நாற்பது வயதைக் கடந்தபின் 1997-இல் ஆணாக வாழத் தொடங்கினார். 2006-ஆம் ஆண்டு 'நேச்சர்' இதழில் தம் அனுபவங்களை எழுதினார்.

மாணவியாக இருந்த காலத்தில், வகுப்பில் எவருக்கும் விடை கிடைக்காத கடினமான கணக்கொன்றை அவர் போட்டு முடித்தாராம். ஆசிரியர் பாராட்டவில்லை, உன் நண்பன் போட்டுக் கொடுத்திருப்பான் என்றார். ஆணாக மாறியபின் ஒருமுறை அவர் ஆய்வுரை நிகழ்த்தினார். அதைக் கேட்ட ஒருவர், பென் பாரஸின் ஆராய்ச்சி அவருடைய சகோதரியின் ஆராய்ச்சியைவிட எவ்வளவோ மேலானது என்று புகழ்ந்தாராம். அந்தச் 'சகோதரி' வேறு யாரும் அல்லர். முன்பு பெண் பெயரில் எழுதிய அதே பாரஸ்தான்! 2017-இல் மறையும்வரை இளம் பெண் விஞ்ஞானிகளுக்காகக் குரல் கொடுத்துவந்தார் அவர்.

சுவீடனில் நடந்தது

ஒரு சோதனையும் ஒருவரின் அனுபவமும் போதுமா, உண்மையான தேர்வுகளில் இது நடக்கிறதா என்று நீங்கள் கேட்கலாம். கேட்கவேண்டிய கேள்விதான். அதற்கு விடை காண நாம் சுவீடன் நாட்டுக்குப் போகவேண்டும். ஐக்கிய நாடுகள் சபையின் மனித வளர்ச்சி அறிக்கை 1995-இல் ஆண், பெண் வளர்ச்சியைச் சேர்த்து அளந்தபோது பட்டியலில் முதலிடம் பெற்ற நாடு அது. அங்கேயே இப்படியென்றால் என்று நினைக்கவைக்கும் செய்தி இது.

சுவீடனின் மருத்துவ ஆராய்ச்சி மன்றம், டாக்டர் பட்டம் பெற்ற இளம் விஞ்ஞானிகளுக்கு ஆராய்ச்சி உதவித்தொகை வழங்கிவந்தது. 1995-இல் 114 பேர் விண்ணப்பித்தனர். ஆண்கள் 62, பெண்கள் 52. தேர்வானவர்கள் 20 பேர். அவர்களில் ஆண்கள் 16, பெண்கள் 4. விண்ணப்பித்தவர்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானோர் பெண்கள். வென்றவர்களிலோ ஐந்தில் ஒரு பங்கு.

பெண்களின் ஆராய்ச்சி தரம் குறைந்ததாக இருந்திருக்கலாம் அல்லவா? கோட்டன்பர்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிறிஸ்டீன் வென்னெராஸ், ஆக்னஸ் வோல்ட் என்ற இரு பெண் விஞ்ஞானிகள் இதைச் சரிபார்க்க விரும்பினர். நடுவர்கள் அளித்த மதிப்பெண் தாள்களைக் கேட்டனர். இரகசியம் என்று மன்றம் மறுத்தது. அவர்கள் நீதிமன்றம் சென்றனர். தாள்கள் பொது ஆவணங்களே என்று தீர்ப்பாயிற்று. தாள்கள் கைக்கு வந்தன.

நடுவர் ஒவ்வொருவரும் விண்ணப்பதாரரின் விஞ்ஞானத் திறமை, ஆராய்ச்சி முறையின் தரம், ஆராய்ச்சியின் பயன் என்ற மூன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண் தந்திருந்தனர். மூன்றிலும் பெண்களின் சராசரி குறைவு. திறமைக்கான மதிப்பெண்ணில்தான் இடைவெளி மிகுதி: ஆண்களுக்கு 2.46, பெண்களுக்கு 2.21. இரண்டுக்கும் வேறுபாடு கால் மதிப்பெண்தானே என்று தோன்றும். ஆனால் மூன்று மதிப்பெண்களையும் பெருக்கித்தான் வரிசை கணக்கிடப்பட்டது. போட்டி கடுமையான இடத்தில் அந்தக் கால் மதிப்பெண்ணே தலைவிதியை எழுதிவிடும்.

பிறகு இருவரும் விண்ணப்பதாரர்கள் வெளியிட்ட கட்டுரைகளை எண்ணினர். அவை வெளியான இதழ்களின் மதிப்பையும், மற்ற விஞ்ஞானிகள் அவற்றை எத்தனை முறை மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்பதையும் கணக்கிட்டனர். இவற்றை நடுவர் தந்த மதிப்பெண்ணுடன் ஒப்பிட்டபோது உண்மை வெளிப்பட்டது. ஓர் ஆணுக்குக் கிடைத்த அதே திறமை மதிப்பெண்ணைப் பெற, ஒரு பெண் சராசரியாக இரண்டரை மடங்கு சாதித்திருக்கவேண்டியிருந்தது. மிக அதிகமாகச் சாதித்திருந்த பெண்களின் குழு, மிகக் குறைவாகச் சாதித்திருந்த ஆண்களின் குழுவுக்குச் சமமாகவே மதிப்பிடப்பட்டிருந்தது! 'நேச்சர்', 'சயன்ஸ்' போன்ற முதல்தர இதழ்களில் மூன்று கட்டுரைகள் கூடுதலாக எழுதினால்தான் ஒரு பெண் இந்தக் குறையை ஈடுகட்ட முடியும் என்று அவர்கள் கணக்கிட்டனர். அந்த மூன்று கட்டுரைகளுக்குப் பல ஆண்டு உழைப்பு வேண்டும் என்பதை ஆராய்ச்சித் துறையினர் அறிவர்.

இன்னொரு சாய்வும் தெரிந்தது. நடுவர் குழுவில் தமக்குத் தெரிந்தவர் இருந்தால் மதிப்பெண் கூடியது. 1997-இல் 'நேச்சர்' இதழில் இது வெளியானதும் உலகெங்கும் பரபரப்பு ஏற்பட்டது. நடுவர்கள் கெட்டவர்கள் அல்லர்; தம் கருவியை ஒருமுறைகூடச் சோதித்துப் பாராதவர்கள்.

மனம் ஏன் சாய்கிறது?

நம் மூளை ஒவ்வொரு நொடியும் ஏராளமான செய்திகளைச் சந்திக்கிறது. ஒவ்வொன்றையும் ஆற அமர ஆராய நேரமில்லை. ஆகவே பழைய அனுபவத்தில் அடிக்கடி சேர்ந்து வந்தவற்றை இணைத்து வைத்துக்கொள்கிறது. கருமேகம் என்றால் மழை. மல்லிகை என்றால் மணம். இந்தக் குறுக்குவழி இல்லாமல் நாம் வாழமுடியாது.

இதே குறுக்குவழி மனிதர்களை மதிப்பிடும்போதும் வேலை செய்கிறது. பாடநூல் படங்களிலும் திரைப்படங்களிலும் விஞ்ஞானி பெரும்பாலும் ஆணாகவே இருந்தால், 'விஞ்ஞானி' என்ற சொல்லும் ஆண் உருவமும் மூளையில் பிணைந்துவிடுகின்றன. இந்தப் பிணைப்பை அளக்க உளவியலார் 1998-இல் ஒரு தேர்வை வகுத்தனர். திரையில் தோன்றும் சொற்களை விரைவாக வகை பிரிக்கவேண்டும். 'ஆண்', 'விஞ்ஞானம்' இரண்டுக்கும் ஒரே பொத்தான் என்றால் பெரும்பாலோர் விரைவாக அழுத்துகின்றனர். 'பெண்', 'விஞ்ஞானம்' இரண்டுக்கும் ஒரே பொத்தான் என்றால் கை சற்றுத் தயங்குகிறது. அந்தத் தயக்கம் நொடியின் சிறு பகுதிதான். 34 நாடுகளில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டோரிடம் திரட்டிய இத்தேர்வு முடிவுகள் 2009-இல் வெளியாயின. பங்குகொண்டோரில் ஏறத்தாழப் பத்தில் எழுவரிடம் இந்தப் பிணைப்பு காணப்பட்டது, பெண்களிடமும்தான். ஜெனிஃபரைப் பெண் பேராசிரியர்களும் ஏன் குறைத்து மதிப்பிட்டனர் என்பது இப்போது விளங்குகிறதல்லவா? அவர்களும் அதே பாடநூல்களைப் படித்தவர்கள். அதே ஊரில் வளர்ந்தவர்கள்.

இந்தச் சாய்வு சொற்களிலும் ஒளிந்துகொள்ளும். அமெரிக்க மருத்துவக் கல்லூரி ஒன்றில் ஆசிரியர் பணிக்கு வந்த முந்நூறுக்கு மேற்பட்ட பரிந்துரைக் கடிதங்களை இரு ஆய்வாளர்கள் படித்து 2003-இல் முடிவை வெளியிட்டனர். பெண்களைப் பற்றிய கடிதங்கள் சராசரியாகச் சுருக்கமாக இருந்தன. அவற்றில் ஐயத்தைக் கிளப்பும் தொடர்கள் கூடுதல். உழைப்பைப் புகழும் சொற்களும் கூடுதல். 'கடினமாக உழைப்பவர்' என்பது நல்ல சொல்தானே என்று நீங்கள் கேட்கலாம். 'அறிவுக்கூர்மை மிக்கவர்' என்ற கடிதத்துக்குப் பக்கத்தில் 'கடினமாக உழைப்பவர்' என்ற கடிதத்தை வைத்துப் பாருங்கள். யாருக்கு வேலை கிடைக்கும்?

இன்னும் நுட்பமான வழியும் உண்டு. 2005-இல் வெளியான ஒரு சோதனையில், காவல்துறைத் தலைவர் பணிக்கு ஆண் அல்லது பெண் விண்ணப்பதாரர் ஒருவரை மதிப்பிடச் சொன்னார்கள். சில பிரதிகளில் அவருக்குப் படிப்பு அதிகம். மற்றப் பிரதிகளில் தெரு அனுபவம் அதிகம். ஆண் படித்தவராக இருந்தபோது, 'இந்தப் பணிக்குப் படிப்பு மிக முக்கியம்' என்றனர். ஆண் படிக்காதவராக இருந்தபோது படிப்பின் முக்கியத்துவம் குறைந்துவிட்டது! ஆளைப் பார்த்தபின் அளவுகோலையே மாற்றிக்கொண்டார்கள். மாற்றியதை உணரவும் இல்லை. தாம் புறநிலையில் நின்று முடிவெடுத்ததாகவே நம்பினார்கள்.

சிறு பிழை, பெரிய விளைவு

சாய்வு சிறிதானால் விட்டுவிடலாமே என்று தோன்றலாம். வட்டிக்கு வட்டி ஏறும் கடனை நினைத்துக்கொள்ளுங்கள். விஞ்ஞானியின் வாழ்க்கையும் படிப்படியாக ஏறும் ஒன்று. சிறிய உதவித்தொகை கிடைத்தவருக்குக் கருவி கிடைக்கும். கருவியால் கட்டுரை வரும். கட்டுரையால் அடுத்த உதவித்தொகை வரும். முதல் படியில் சறுக்கியவர் ஒவ்வொரு படியிலும் பின்தங்குவார்.

இதை 1996-இல் மூன்று ஆய்வாளர்கள் கணிப்பொறியில் கணக்கிட்டுக் காட்டினர். எட்டுப் படிநிலைகள் கொண்ட ஒரு நிறுவனம். அடிப்படியில் ஆணும் பெண்ணும் சரிபாதி. பதவி உயர்வுக்கான மதிப்பெண்களில் காணும் வேறுபாட்டில் நூற்றில் ஒரு பங்கு மட்டும் பாலினத்தால் வருவதாக வைத்துக்கொண்டனர். பல சுற்றுப் பதவி உயர்வுகளுக்குப்பின் உச்சிப்படியில் பெண்கள் எத்தனை பேர்? நூற்றுக்கு 35 மட்டுமே. கண்ணுக்கே தெரியாத ஒரு சாய்வு, சரிபாதியை மூன்றில் ஒரு பங்காக்கிவிட்டது.

நம் நாட்டுக் கணக்கையும் பாருங்கள். 2021-22-ஆம் ஆண்டு அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி விஞ்ஞானப் பாடங்களில் படித்தவர்கள் 57.2 லட்சம், அவர்களில் மாணவிகள் 29.8 லட்சம், அதாவது பாதிக்கும் மேல். ஆனால் 2018-இல் ஆராய்ச்சிப் பணிகளில் நேரடியாக ஈடுபட்டிருந்தவர்களில் பெண்கள் நூற்றுக்கு 16.6 மட்டுமே. இந்த இடைவெளி முழுவதையும் அறியாச் சார்பின் தலையில் சுமத்துவது சரியாகாது. குடும்பப் பொறுப்பு, ஊர் மாற்றம், வயது வரம்பு எனக் காரணங்கள் பல. ஆயினும், தேர்வு மேசையில் ஏற்படும் சாய்வை மற்றக் காரணங்களைக் காட்டி மறைத்துவிடவும் கூடாது.

மறுபக்கத்தையும் பார்ப்போம்

விஞ்ஞான வாசகர் ஒரு பக்கச் சான்றை மட்டும் கேட்டு அமையமாட்டார். எதிர்ச்சான்றுகளும் உள்ளன. அமெரிக்காவில் 2015-இல் வெளியான ஓர் ஆய்வில் 873 பேராசிரியர்களிடம் உதவிப் பேராசிரியர் பணிக்கான கற்பனை விண்ணப்பதாரர்களைத் தந்தனர். எல்லாரும் மிகச் சிறந்த தகுதியுடையவர்கள். அங்கே பெண்களையே இரண்டுக்கு ஒன்று என்ற விகிதத்தில் விரும்பினர். தகுதி ஐயத்துக்கு இடமின்றித் தெளிவாக இருக்கும்போதும், பெண்கள் குறைவு என்பதைத் துறையினர் உணர்ந்திருக்கும்போதும் முடிவு வேறாகலாம் என்பதை இது காட்டுகிறது. சாய்வு புகுவதற்கு வாய்ப்பான இடம், யேல் சோதனையின் மாணவரைப்போல, 'பரவாயில்லை' என்று சொல்லத்தக்க நடுத்தர நிலை. நம்மில் பெரும்பாலோர் நிற்கும் இடமும் அதுதானே!

பொத்தான் அழுத்தும் தேர்வுக்கும் குறைகள் உண்டு. அதே ஆள் அடுத்த வாரம் எழுதினால் வேறு மதிப்பெண் வரக்கூடும். அதைக் கொண்டு 'இவர் இப்படித்தான் நடப்பார்' என்று ஒரு தனி மனிதரைப் பற்றிச் சொல்லமுடியாது. பலரைச் சேர்த்துப் பார்க்கும்போதே அதற்குப் பொருள் உண்டு.

சுவீடனின் கதைக்கும் ஒரு தொடர்ச்சி உண்டு. 2004-ஆம் ஆண்டின் விண்ணப்பங்களை வேறு ஆய்வாளர்கள் எடுத்து அதேபோல் அலசினர். 2008-இல் முடிவை வெளியிட்டனர். பெண்களுக்கு எதிரான சாய்வு அப்போது காணப்படவில்லை. அவர்களுக்குச் சிறிது கூடுதல் மதிப்பெண்கூடக் கிடைத்திருந்தது. ஆனால் தெரிந்தவர்களுக்குச் சலுகை மட்டும் அப்படியே இருந்தது! அளந்து காட்டப்பட்டு நாடெங்கும் பேசப்பட்ட பிழை திருந்தக்கூடியது என்ற நம்பிக்கையை இது தருகிறது.

திருத்தும் வழிகள்

சுழிப்பிழையைத் திருத்துவது எப்படி? முதல் வழியை நீங்கள் அறிவீர்கள். நம் பொதுத் தேர்வுகளில் விடைத்தாளைத் திருத்துபவருக்கு மாணவரின் பெயர் தெரியாதபடி செய்கிறார்கள். திருத்துபவர்மீது ஐயம் கொண்டு செய்யும் ஏற்பாடு அல்ல இது. மனித மனத்தின் இயல்பை அறிந்து செய்யும் ஏற்பாடு. இதையே விண்வெளி விஞ்ஞானிகளும் பின்பற்றினர்.

ஹபிள் விண்வெளித் தொலைநோக்கியைப் பயன்படுத்த உலகெங்கிலுமிருந்து விண்ணப்பங்கள் குவியும். சிலருக்கே நேரம் கிடைக்கும். ஆண்கள் தலைமையில் வந்த விண்ணப்பங்கள் பல ஆண்டுகளாகவே கூடுதல் விகிதத்தில் வென்றுவந்தன. 2018-இல் விண்ணப்பதாரர்களின் பெயர்களை நடுவர்களுக்குத் தெரியாமல் முற்றிலும் மறைத்தனர். அந்த ஆண்டு பெண்கள் தலைமையில் வந்தவற்றில் நூற்றுக்கு 8.7 வெற்றி பெற்றன. ஆண்கள் தலைமையில் வந்தவற்றில் நூற்றுக்கு 8.0. ஓராண்டுக் கணக்கை வைத்து முடிவு கட்டமுடியாது என்றாலும், பழைய இடைவெளி மறைந்தது தெளிவு. பெயர் பெறாத புதியவர்களுக்கும் அதிக வாய்ப்புக் கிடைத்தது. நடுவர்களின் பேச்சும் மாறியது. 'இவர் யார்?' என்பதை விட்டு, 'இந்த ஆராய்ச்சி எத்தகையது?' என்று விவாதித்தனர்.

எல்லா இடங்களிலும் பெயரை மறைக்க முடியாது. நேர்முகத் தேர்வில் ஆள் எதிரிலேயே அமர்ந்திருப்பார். அங்கே இரண்டாவது வழி உதவும். விண்ணப்பங்களைப் பிரிக்குமுன்பே எதற்கு எத்தனை மதிப்பெண் என்று எழுதி வைத்துவிடவேண்டும். மேலே சொன்ன காவல்துறைத் தலைவர் சோதனையில், அளவுகோலை முன்கூட்டியே உறுதி செய்தவர்களிடம் சாய்வு மறைந்துவிட்டது.

மூன்றாவது வழி அளந்து பார்ப்பது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் உயிரியல் பேராசிரியராக இருந்தவர் நான்சி ஹாப்கின்ஸ். தம் மீன் தொட்டிகளை வைக்க இடம் போதவில்லை என்று கேட்டுக்கேட்டுச் சலித்த அவர், ஒருநாள் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு ஆய்வுக்கூடங்களின் பரப்பைத் தாமே அளந்தார். ஆண் பேராசிரியர்களுக்குக் கிடைத்த இடத்தைவிடத் தமக்குக் குறைவாகவே கிடைத்திருப்பது தெரியவந்தது. 1994-இல் அங்கே விஞ்ஞானப் பிரிவில் நிரந்தரப் பேராசிரியர்களான பெண்கள் 15 பேர்தாம். ஆண்களோ ஏறத்தாழ இருநூறு பேர். அந்தப் பெண்கள் ஒன்றுகூடிச் சம்பளம், இடம், பொறுப்புகள் என எல்லாவற்றையும் கணக்கெடுக்கச் செய்தனர். 1999-இல் அறிக்கை வெளியானபோது கழகத்தின் தலைவர் சார்லஸ் வெஸ்ட் குறையை வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். பாரபட்சம் என்பது பாதி உண்மை, பாதி மனப்பிரமை என்று தாம் நினைத்திருந்ததாகவும், அதில் உண்மையின் பங்கே மிகப் பெரிது என்று இப்போது தெரிவதாகவும் அவர் எழுதினார்.

அந்த ஒப்புதல் ஏன் முக்கியம்? பிரான்சின் தேசிய விஞ்ஞான ஆராய்ச்சி மையத்தில் உயர்பதவிக்குத் தேர்வு செய்யும் குழுக்களை ஆராய்ந்து 2019-இல் வெளியிட்ட முடிவு இதற்கு விடை தருகிறது. ஏறத்தாழ எல்லாத் துறைக் குழுக்களிலும் விஞ்ஞானத்தை ஆணுடன் பிணைக்கும் மனப்போக்கு இருந்தது. ஆனால் அந்தப் பிணைப்பு வலுவாக இருந்தும், பெண்களுக்குத் தடைகள் உண்டு என்று ஒப்புக்கொண்ட குழுக்களில் அது முடிவைப் பாதிக்கவில்லை. 'பாரபட்சமெல்லாம் இங்கே கிடையாது' என்று நம்பிய குழுக்களில்தான் வலுவான பிணைப்புக்கு ஏற்பப் பெண்களின் தேர்வு குறைந்தது. தம் கருவியில் பிழையே இல்லை என்று சாதிப்பவரே பிழையான அளவை எழுதுகிறார்!

நம் கையில் உள்ளது

வாசகரே, நீங்கள் ஆசிரியராக இருந்தால், அடுத்த செய்முறை வகுப்பில் ஒன்றைக் கவனியுங்கள். மாணவர்களும் மாணவிகளும் சேர்ந்த குழுவில் கருவியை இயக்குவது யார்? அளவீடுகளை அழகாக நோட்டில் எழுதுவது யார்? கடினமான கேள்வியைக் கேட்டுவிட்டு முதலில் யார் பக்கம் திரும்புகிறீர்கள்? ஒரு வாரம் குறித்து வைத்து எண்ணிப் பாருங்கள். மாணவருக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதினால், ஆண் பெயரை எடுத்துவிட்டுப் பெண் பெயரை வைத்து ஒருமுறை படித்துப் பாருங்கள். பெண் பெயர் இருந்தால் ஆண் பெயரை வையுங்கள். ஏதேனும் ஒரு சொல் உறுத்துகிறதா?

நீங்கள் மாணவியாக இருந்தால் உங்களுக்கும் ஒரு சொல். ஒரு தேர்வில் குறைந்த மதிப்பு கிடைத்தால், குறை முழுவதும் உங்களுடையதே என்று உடனே முடிவு கட்டிவிடாதீர்கள். உங்கள் உழைப்பைச் சோதித்துப் பாருங்கள். அளந்த கருவியைப் பற்றியும் கேளுங்கள். சுவீடனின் இரு பெண்கள் அப்படிக் கேட்டதால்தான் ஒரு நாட்டின் தேர்வு முறையே பேசுபொருளாயிற்று.

திருகு அளவியில் சுழிப்பிழை இருப்பது அதை வைத்திருக்கும் மாணவரின் குற்றமன்று. ஆனால் பிழை பார்க்காமல் அளவை எழுதினால் ஆசிரியர் மதிப்பெண்ணைக் குறைப்பார். ஒரு கம்பியின் விட்டத்துக்கு நாம் காட்டும் இந்தக் கவனத்தை, ஒரு மனிதரின் திறமையை அளக்கும்போதும் காட்டவேண்டும் அல்லவா?